டிவிக்குக் கீழே இருக்கும் பழைய ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்: மாற்றுவதா, சரிசெய்து ஓட்டுவதா? புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்மார்ட் டிவியும் ஓடிடியும் வருவதற்கு முன்னால் பெரிய படமும் நல்ல சத்தமும் வேண்டும் என்று நினைத்தவர்கள் டிவியோடு ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து வைத்தார்கள். டிவிடி டிரைவ், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க், 5.1 ஸ்பீக்கர், சோபாவில் உட்கார்ந்து தட்ட ஒரு வயர்லெஸ் கீபோர்டு. புதுச்சேரியிலும் கடலூரிலும் அப்படி வைத்த பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன, ஆனால் முன்பு போல இல்லை. 4கே டிவி மாட்டியதிலிருந்து படம் திக்குகிறது, ஆன் ஆக நேரம் எடுக்கிறது, விண்டோஸுக்கு அப்டேட் வருவதும் நின்றுவிட்டது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் "ரொம்பப் பழசு சார், புதுசே எடுத்துடுங்க" என்பார்கள். வீட்டில் கேட்டால் "டிவியிலேயே எல்லாம் வருதே, இது எதுக்கு" என்பார்கள். இரண்டு பேச்சிலும் பெட்டியின் வயசு மட்டும்தான் கணக்கு. வயசை விடுங்கள். உங்கள் வீட்டில் எந்த வேலை இப்போது நடக்கவில்லை, அதற்கு எந்தப் பாகம் காரணம், அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகு பணத்தை எடுத்தால் போதும். சில வீடுகளில் ஒரு எஸ்எஸ்டியோடு, அதாவது ஹார்டு டிஸ்கைவிட வேகமான டிஸ்க் ஒன்றோடு, வேலை முடியும். சில வீடுகளில் பெட்டியையே மாற்றினால்தான் தீரும். கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் போங்கள், குறிப்பாக முதல் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

படி 1: டிஸ்கில் இருப்பதை வேறு இடத்துக்கு எடுங்கள்

ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. அந்தக் கம்ப்யூட்டரில் விலைமதிப்பு உள்ளது பிராசஸரோ ராமோ அல்ல, டிஸ்கில் இருக்கும் உங்கள் வீட்டு வீடியோக்கள். கேசட்டிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோ, காதுகுத்து, தாத்தா பேசியது, குழந்தையின் முதல் பள்ளி விழா. இவை வேறு எங்கும் கிடைக்காது. சினிமா எப்படியும் கிடைத்துவிடும்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். அதில் ரீஅலொகேட்டட் செக்டர்ஸ், கரன்ட் பென்டிங் செக்டர் என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் பூஜ்ஜியம் இருந்தால் நிம்மதி. பென்டிங் எண் நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்கில் படம் போட்டுப் பார்ப்பதை அன்றே நிறுத்துங்கள், வீட்டு வீடியோக்களை முதலில் காப்பி செய்யுங்கள், அப்புறம் போட்டோக்கள், கடைசியில் நேரமும் டிஸ்கும் மிச்சமிருந்தால் சினிமா. டிஸ்க் "டக் டக்" என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மிச்சமிருப்பது குறையலாம். டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுப்பதுதான் வழி.

வீட்டில் எரித்த கல்யாண டிவிடிக்கள் அலமாரியில் இருந்தால் அவற்றையும் இப்போதே டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள். எரிக்கக்கூடிய டிவிடியின் சாயப்படலம் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடங்கள் போகப் போகக் கெடும், நம் ஊரில் இரண்டுக்கும் குறையில்லை.

இரண்டு காப்பி வையுங்கள். ஒன்று அதே டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருந்தால் அது காப்பியே இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. தரையில் வைத்த கேபினெட், அதன் பக்கத்தில் வைத்த பேக்கப் டிஸ்க், இரண்டும் ஒரே தண்ணீரில் நிற்கும். இன்னொரு காப்பி நெய்வேலியிலோ விழுப்புரத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

படி 2: வீட்டில் யார், எதை, எதில் பார்க்கிறார்கள்

ஒரு வாரம் கவனியுங்கள், ஒரு தாளில் எழுதுங்கள். ஓடிடி, யூடியூப், டிஸ்கில் இருக்கும் சொந்தச் சேமிப்பு, டிவிடி அல்லது புளூ-ரே, பாட்டு, போட்டோ. எழுதி முடித்ததும் பாதி வீடுகளுக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

ஓடிடிதான் முக்கால்வாசி என்றால் அதற்காகக் கம்ப்யூட்டரில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். காரணம் வேகம் இல்லை, பூட்டு. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் மாதிரி சேவைகள் திருட்டுக் காப்பி எடுக்காமல் இருக்க வீடியோவைப் பூட்டித்தான் அனுப்புகின்றன, அந்தப் பூட்டைத் திறக்கும் பாதுகாப்பான ஏற்பாடு எந்தக் கருவியில் இருக்கிறதோ அதற்குத்தான் உயர்ந்த தரம் கொடுக்கின்றன. டிவியின் எச்டிஎம்ஐயில் செருகும் டிவி ஸ்டிக்குகளிலும் நல்ல ஆண்ட்ராய்டு டிவிகளிலும் அது சிப்பிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டரின் பிரவுசருக்குப் பெரும்பாலும் அந்த அனுமதி கிடையாது, எவ்வளவு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் பல சேவைகளில் 4கே வராது. விண்டோஸில் நெட்ஃபிளிக்ஸ் 4கே வேண்டும் என்றால் எட்ஜ் அல்லது அவர்களுடைய ஆப், ஹெச்இவிசி என்ற வீடியோ முறைக்கு ஆதரவு, எச்டிசிபி 2.2 என்ற காப்பித் தடுப்பு உள்ள டிவி என்று எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும். இந்த வேலையை ஒரு 4கே ஸ்டிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

சொந்தச் சேமிப்பு அதிகம் என்றால் கம்ப்யூட்டருக்கு இன்னும் வேலை இருக்கிறது, தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரான்ஸில் சொந்தம் இருக்கும் வீடுகளில் அங்கிருந்து வந்த டிவிடிக்களும் குடும்ப வீடியோக்களும் இருக்கும். டிவிடி எந்த நாட்டில் ஓடலாம் என்பதற்கு மண்டலப் பூட்டு உண்டு: பிரான்ஸ் டிவிடி இரண்டாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். புளூ-ரேயில் அங்கே பி, இங்கே சி. இங்கே வாங்கிய டிவிடி பிளேயர் அதைத் துப்பிவிடலாம், கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற இலவச பிளேயர் பெரும்பாலும் போட்டுவிடும். டிரைவின் மண்டல எண்ணை ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது என்பதால் விண்டோஸ் கேட்கும்போதெல்லாம் சரி என்று அழுத்திவிடாதீர்கள். முதலில் விஎல்சியில் போட்டுப் பாருங்கள்.

படி 3: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி டிஎக்ஸ்டயாக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் பிராசஸர் பெயர், ராம், கிராபிக்ஸ் எல்லாம் வரும். இன்டெல் என்றால் ஐ3, ஐ5க்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 4460 என்றால் நான்காம், 8400 என்றால் எட்டாம் தலைமுறை.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், வீடியோ ஃபைல் என்பது இறுக்கிக் கட்டிய மூட்டை. கட்டும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். எந்த முறையில் கட்டியதை அவிழ்க்க சிப்பில் தனிப் பகுதி இருக்கிறதோ அது சத்தமில்லாமல் ஓடும். இல்லையென்றால் பிராசஸர் தானே உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும், அப்போதுதான் ஃபேன் கத்துவதும் படம் திக்குவதும். பிராசஸர் மெதுவாகிவிட்டது என்று நாம் நினைப்பது பல நேரம் இதைத்தான். அது அன்றைக்கு இருந்த வேகத்தில்தான் இன்றும் இருக்கிறது, மூட்டை கட்டும் முறைதான் மாறிவிட்டது.

இன்டெலில் 2011இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து ஹெச்.264 நன்றாக ஓடும். பழைய 1080பி (ஃபுல் எச்டி) சேமிப்பில் பெரும்பகுதி இந்த வகைதான். 2015இல் வந்த ஆறாம் தலைமுறையில் ஹெச்இவிசி, அதாவது ஹெச்.265, 8 பிட் அளவுக்கு வந்தது. நிறமும் வெளிச்சமும் கூடுதலாக இருக்கும் 4கே எச்டிஆர் படங்கள் 10 பிட், அதற்கு ஏழாம் தலைமுறை வேண்டும். யூடியூப் 4கேவுக்குப் பயன்படுத்தும் விபி9 முறையும் அதே ஏழாம் தலைமுறையில்தான் முழுமையாக வந்தது. யூடியூப் இப்போது அதிகமாகத் தரும் ஏவி1 என்றால் 2020இல் வந்த பதினொன்றாம் தலைமுறை. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் ஜிடி 1030 ஹெச்இவிசி 10 பிட், விபி9 இரண்டையும் அவிழ்க்கும், ஏவி1ஐ அவிழ்க்காது. அதற்கு ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வேண்டும்.

இரண்டாவது, எச்டிஎம்ஐ. இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எச்டிஎம்ஐ 1.4இல் 4கே போகும், ஆனால் நொடிக்கு 30 முறைதான். மவுஸை நகர்த்தினால் இழுத்துக்கொண்டு போவது தெரியும். 60 வேண்டும் என்றால் 2.0. இன்டெல் போர்டுகளில் பத்தாம் தலைமுறை வரைகூடப் பலவற்றில் எச்டிஎம்ஐ 1.4தான் இருந்தது. போர்டில் டிஸ்பிளேபோர்ட் 1.2 அல்லது அதற்குமேல் இருந்தால் அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது, கம்ப்யூட்டரை மாற்ற வேண்டியதில்லை. டிவி பக்கமும் பாருங்கள்: பல டிவிகளில் ஒரு குறிப்பிட்ட எச்டிஎம்ஐ போர்ட்டில்தான் முழு 4கே கிடைக்கும், அதையும் செட்டிங்கில் போய் ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

படி 4: எது திணறுகிறது என்று சோதியுங்கள்

உங்கள் சேமிப்பிலிருந்தே நான்கைந்து ஃபைல் எடுங்கள். பழைய டிவிடி ஒன்று, 1080பி ஒன்று, 4கே ஒன்று, வீட்டு வீடியோ ஒன்று. எந்த ஃபைல் எந்த கோடெக் என்று மீடியாஇன்ஃபோ சாஃப்ட்வேர் சொல்லிவிடும். படத்தை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்தால் வீடியோ டிகோட் என்று ஒரு வரைபடம் இருக்கும். அது ஏறி, சிபியு பத்து இருபது சதவீதத்தில் நின்றால் சிப் வேலை செய்கிறது. அது அசையாமல் சிபியு மட்டும் நூறைத் தொட்டால் அந்த கோடெக் உங்கள் சிப்புக்குத் தெரியாது, அல்லது டிரைவரோ பிளேயர் செட்டிங்கோ தவறு. டிரைவரைப் புதுப்பித்து, பிளேயரில் ஹார்டுவேர் டிகோடிங்கை ஆன் செய்து மறுபடி பாருங்கள்.

யூடியூபில் ஓடும் வீடியோமேல் ரைட் கிளிக் செய்து ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதை அழுத்தினால் கோடெக் பெயரும் எத்தனை ஃப்ரேம் விழுந்தது என்பதும் வரும். ஏவி01 என்று காட்டி ஃப்ரேம் விழுந்துகொண்டே இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ஹெச்.264ஐ மட்டும் கேட்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அதைப் போட்டால் 1080பி வரை சுகமாக ஓடும், 4கே கிடைக்காது. 43 இன்ச் டிவியை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு, என்னைக் கேட்டால், 1080பி போதும்.

படம் நின்று நின்று சுற்றினால் அது வைஃபை. கேபிளை நேராகச் செருகிப் பாருங்கள். கேமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் படம் குதித்தால் அது ரெஃப்ரெஷ் ரேட், அதாவது டிவி நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், நம் நாட்டிலும் பிரான்ஸிலும் எடுத்த பழைய கேம்கார்டர் வீடியோ 25, டிவி 60இல் நிற்கும். கோடி என்ற மீடியா சாஃப்ட்வேரில் படத்துக்கு ஏற்ப ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் வசதி உண்டு, அதை ஆன் செய்தால் கல்யாண வீடியோ 50க்கும் சினிமா 24க்கும் தானாக மாறும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஸ்டிக்குகளில் ஒவ்வொரு ஆப்பும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை என்பதால் எனக்குக் கம்ப்யூட்டர்மேல் இருக்கும் பிடிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

படி 5: உப்புக்காற்றைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம், அந்தப் பக்கம் தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர் என்று கடலை ஒட்டி வீடு இருப்பவர்கள் இந்தப் படியை விட்டுவிட்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது. காற்றில் வரும் உப்பு தூசியோடு சேர்ந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ராமின் தங்க நிறக் கால்களில் படலம், எச்டிஎம்ஐ போர்ட்டில் மங்கல், ஸ்க்ரூவில் துரு, செம்பு தெரியும் இடங்களில் பச்சை. ஆன் ஆகாமல் பீப் அடிப்பது, திடீரென்று ரீஸ்டார்ட் ஆவது, டிவியில் சிக்னல் இல்லை என்று வருவது எல்லாம் இதனால் வரக்கூடியவைதான். மாதக்கணக்கில் ஆன் செய்யாமல் மூடி வைத்தால் கெடாமல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஓடும் பெட்டிக்குள் இருக்கும் சூடு ஈரத்தைக் கொஞ்சம் விரட்டும், சும்மா கிடக்கும் பெட்டிக்கு அதுகூட இல்லை.

பவர் கேபிளைப் பிடுங்குங்கள். மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். புளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ராமைக் கழற்றி, கால்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். பிராசஸர்மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும், துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் மாறினால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

மதர்போர்டில் நிற்கும் சின்ன உருளைக் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியோ, மேலே பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அந்தப் போர்டுக்குப் புது ராம், புது கார்டு எதையும் வாங்காதீர்கள். வெள்ளத்தில் நனைந்த போர்டுக்கும் இதே முடிவுதான், காயவைத்து ஆன் ஆனாலும் நம்பிப் பணம் போடக்கூடாது.

படி 6: இப்போது முடிவு எடுக்கலாம்

ஆன் ஆக நேரம் எடுக்கிறது, மற்றபடி நீங்கள் பார்க்கும் எல்லாம் ஓடுகிறது என்றால் எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள். விண்டோஸுக்கு 256 ஜிபி போதும், படங்கள் பழைய பெரிய டிஸ்கிலேயே இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டரில் போடும் பணத்துக்கு இதைவிடப் பலன் தெரியும் பாகம் எதுவும் இல்லை. ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்கலாம், டிடிஆர்3 என்றால் பழைய ராமே தேடி வாங்குங்கள், அதற்குமேல் இந்த வேலைக்குத் தேவையில்லை.

4கே ஃபைல்கள் மட்டும் திணறுகின்றன, போர்டு ஆரோக்கியமாக இருக்கிறது, கேபினெட்டில் இடமும் கார்டு செருகும் பிசிஐ-இ ஸ்லாட்டும் இருக்கிறது என்றால் ஜிடி 1030 மாதிரி ஒரு சின்னக் கார்டு. 30 வாட்தான் இழுக்கும், எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டாம், தனி பவர் வயரும் வேண்டாம், எச்டிஎம்ஐ 2.0வும் சேர்ந்து வந்துவிடும். ஆனால் எஸ்எஸ்டி, கார்டு, ராம் மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு புது மினி பிசி விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். அந்த எல்லைக்குமேல் பழைய போர்டில் பணம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, நாளைக்குப் போர்டு போனால் டிடிஆர்3 ராம் புதுப் போர்டில் ஏறாது.

விண்டோஸ் தொந்தரவு தனி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இன்டெலில் எட்டாம் தலைமுறையும் வேண்டும். இதற்காக மட்டும் நல்ல பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். படம் பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் லிப்ரெஎலெக் போடலாம், ஆன் செய்தால் நேராகக் கோடி திரைக்குப் போகும் சின்ன லினக்ஸ் அது. ஒரு எச்சரிக்கை: அதை இன்ஸ்டால் செய்யும்போது தேர்ந்தெடுக்கும் டிஸ்க் முழுக்க அழியும். படங்கள் இருக்கும் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். விண்டோஸ் 10இலேயே இருப்பேன் என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலையும் மெயிலும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கெபாசிட்டர் உப்பியிருக்கிறது, அல்லது இரண்டாம் தலைமுறைக்கும் முந்தையது, அல்லது நாள் முழுக்க ஆனில் வைக்கிறீர்கள் என்றால் மாற்றுங்கள். கரண்ட் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். கார்டோடு சேர்த்து 70 வாட் இழுக்கும் பெட்டி 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்தில் 100 யூனிட். கடலூர்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரிய பங்கை அது ஒன்றே சாப்பிட்டுவிடும். 10 வாட் மினி பிசிக்கு அதே இரண்டு மாதத்தில் 14 யூனிட் சொச்சம். ஆனால் தினமும் மூன்று மணி நேரம் மட்டும் ஆன் செய்யும் வீட்டில் பழைய பெட்டிக்கே 13 யூனிட்டுக்குள்தான் ஆகும், அங்கே கரண்ட் பில்லைக் காரணம் காட்டிப் புதுசு வாங்குவது கணக்குக்கு ஒத்து வராது.

படி 7: மாற்றுவது என்றால் எதை வாங்குவது

இன்டெல் என்100 போட்ட மினி பிசி இந்த வேலைக்குப் பொருத்தமானது. 2023 தொடக்கத்தில் வந்த சிப், 6 வாட் வகை, ஹெச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 மூன்றையும் அவிழ்க்கும். 8 ஜிபி ராம் போதும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடப்பதால் பெரிய ராமுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

பழைய ஆபீஸ் மினி கம்ப்யூட்டர்களும் நல்லவை, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி மாதிரி. நேரு வீதிப் பக்கக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெரு. எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்க வேண்டாம். பின்பக்கம் எச்டிஎம்ஐ இருக்கிறதா, டிஸ்பிளேபோர்ட்தானா என்று பார்த்துவிட்டு அடாப்டர் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். உங்கள் 4கே ஃபைல் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துப் போய்க் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

ராஸ்பெரி பை 5 ஹெச்இவிசி 4கேவை அழகாக ஓட்டும், டிவி ரிமோட்டிலேயே கட்டுப்படுத்தலாம். ஆனால் ஹெச்.264க்கும் ஏவி1க்கும் அதில் தனிப் பகுதி இல்லை, பிராசஸர்தான் உழைக்க வேண்டும். 1080பி ஹெச்.264 பிரச்சினை இல்லாமல் ஓடும்.

சத்தத்தை மறக்காதீர்கள், இங்கேதான் வாங்கியபிறகு வருத்தம் வரும். நம் வீடுகளில் இருக்கும் 5.1 ஸ்பீக்கர் பலதும் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பின் செருகும் வகை. மினி பிசியில் ஒரே ஒரு ஹெட்ஃபோன் துளைதான் இருக்கும். யூஎஸ்பி 5.1 சவுண்டு கார்டு ஒன்று தனியாக வாங்கினால்தான் ஆறு ஸ்பீக்கரும் பேசும். ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்களுக்குக் கவலை வேறு: ரிசீவர் பழசாக இருந்து எச்டிஎம்ஐ 1.4 மட்டும் இருந்தால் அதன் வழியாக 4கே 60 போகாது. இரண்டு வீடியோ அவுட் உள்ள மினி பிசி என்றால் ஒன்றை நேராக டிவிக்கும் மற்றொன்றைச் சத்தத்துக்காக ரிசீவருக்கும் கொடுக்கலாம். டிவியிலிருந்து ஆப்டிகலில் எடுத்தால் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான், அதைவிடத் தரமான ட்ரூஎச்டி வராது.

பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களால் இயக்க முடிகிறதா என்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கம்ப்யூட்டர்களின் எச்டிஎம்ஐயில் பெரும்பாலும் டிவி ரிமோட் வேலை செய்யாது. யூஎஸ்பி ரிசீவரோடு வரும் ஒரு சின்ன ரிமோட் வாங்கிக் கொடுங்கள், மொபைலில் கோரே என்ற ஆப்பும் உண்டு, ஆனால் அம்மாவுக்குக் கையில் பிடிக்க ஒரு ரிமோட்தான் சரி.

படி 8: வைத்துக்கொண்டாலும் வாங்கினாலும் அமைத்து முடிப்பது

கோடியில் ஃபைல் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் கட்டம் கட்டமாகத் தெரியலாம். ஸ்கின் செட்டிங்கில் எழுத்துருவை ஏரியல் வகைக்கு மாற்றிப் பாருங்கள். படத்தின் பெயரோடு வெளியான வருடத்தையும் சேர்த்து ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று படம் இருக்கும் நம் சினிமாவுக்கு இது ரொம்பத் தேவை. பெட்டி தரையிலிருந்து குறைந்தது இடுப்பு உயரத்தில் இருக்கட்டும், சுவரோடு ஒட்டாமல், காற்று போக இடம் விட்டு. இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருந்தாலும் டெஸ்க்டாப்புக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று தேவை, கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் கண நேரத்தில் சில பெட்டிகள் ரீஸ்டார்ட் ஆகிவிடும், டிஸ்குக்கு அது நல்லதல்ல. இடி மின்னல் மழைக்காலத்தில் பிளக்கோடு சேர்த்து நெட் கேபிளையும் பிடுங்கி வையுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

பழைய பெட்டியை மாற்றிவிட்டீர்கள் என்றால் உடனே விற்காதீர்கள். புதியதில் எல்லா ஃபைலும் திறக்கிறதா என்று ஓரிரு மாதம் பாருங்கள். டிவிடி டிரைவைக் கழற்றி யூஎஸ்பி சாட்டா அடாப்டரோடு வைத்துக்கொண்டால் பிரான்ஸ் டிவிடிக்களுக்கு உதவும், முழு அளவு டிரைவுக்குத் தனி பவர் அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள். போர்டு நன்றாக இருந்தால் அதே பெட்டியில் பெரிய டிஸ்கைப் போட்டு, வாரத்துக்கு ஒரு முறை மட்டும் ஆன் செய்து பேக்கப் எடுக்கும் இயந்திரமாக வைக்கலாம். தூக்கிப் போடுவது என்றால் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தைப் பழைய இரும்பு வண்டியில் போடாமல், மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். அந்த டிஸ்கையும் கொடுப்பதாக இருந்தால் உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள், சும்மா டெலிட் செய்தது திரும்ப எடுக்கக்கூடியது.